மூன்றுக்கு மட்டும் தட்டக்கூடாது

ஜனவரி 9

அன்புள்ள பட்டாணிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுது. குளிர் வந்தால் உனக்கு மூக்கு அடைத்துக்கொள்ளுமே, இந்த வருஷம் எப்படி? என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தையல் மெஷினை மிதிக்கிற கால் நன்றாக இருக்கிறது, சும்மா இருக்கிற காலுக்குத்தான் வலி.

அண்ணிக்கு என்ன திடீரென்று கடிதம் எழுதத் தோன்றியது என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, நானும் ஒரு வார்த்தை பேசுகிறேன் என்று கையை நீட்டுவார். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். பதிலையும் வீட்டுக்கு அனுப்பாதே. பின்பக்கம் துணிக்கடை விலாசம் எழுதியிருக்கிறேன். "ஆல்டரேஷன் பகுதி" என்று போட்டால் நேராக என் மேஜைக்கு வந்துவிடும்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் அண்ணன் மனசு வீட்டில் இல்லை. ஒரு வருஷமாகப் பார்க்கிறேன். நேற்று காலையில், "கிரேனுக்கு கிரீஸ் போட நாளைக்கு" என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். கண் என் தோளுக்குப் பின்னால் சுவரில் நிற்கிறது. கை மட்டும் சட்டையின் இரண்டாவது பொத்தானைத் தேய்க்கிறது. என்னங்க என்றால் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஆள் வர்றாங்க" என்று வாக்கியத்தை முடிக்கிறார், நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி. யாரை நினைத்தீர்கள் என்று கேட்டேன். யாரையும் நினைக்கவில்லையே என்கிறார். முகத்தில் ஒரு அசடுகூட வழியவில்லை. பதினொரு வருஷமாக அவர் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறவள் நான். எல்லாச் சட்டையிலும் அந்த இரண்டாவது பொத்தான் மட்டும் ஏன் நூல் விடுகிறது?

அவர் கிரேன் ஓட்டுகிற யார்டில், லாரி நிறுக்கிற எடைமேடை அறையில் சீட்டுப் போடும் பெண் ஒருத்தி இருக்கிறாள். நன்றாகச் சிரிக்கிறவள். கிரேன் கூண்டிலிருந்து பார்த்தால் அவள் ஜன்னல் நேர் எதிரே. இதைச் சொன்னது என் தம்பி. அவன் அங்கேதான் கீழே நின்று குழாய்க் கட்டுகளுக்குக் கொக்கி மாட்டுகிறான், உனக்குத்தான் தெரியுமே. வேலை வாங்கிக்கொடுத்ததே உன் அண்ணன்தான். அவன் சும்மாதான் சொன்னான். நான்தான் சும்மா விடவில்லை.

நீ கவனத்தை அளக்கிற வேலையில் இருக்கிறாய். ஒரு மனுஷன் கவனம் எப்போது போகிறது, எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

பட்டாணியின் வணக்கம். மூக்கு இன்னும் அடைக்கவில்லை. அடைத்ததும் தந்தி அடிக்கிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா, இல்லை வழக்கம்போல ஊருக்கு உபதேசமா? அண்ணன் எப்படி இருக்கிறான்? சரியாகத் தூங்குகிறானா? வேளைக்குச் சாப்பிடுகிறானா? அவன் உடம்பைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், கோபப்படாதீர்கள். அண்ணனுக்கு ஒரு பெண்ணிடம் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். உங்களிடம் முதல் வார்த்தை பேசவே அவனுக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

என் வேலையைக் கேட்டீர்கள். சாம்பல் நிறச் சுவர் உள்ள ஒரு சின்ன அறை. வருகிறவரின் கைக்கடிகாரத்தை வாங்கி வைத்துவிடுவோம், நேரம் தெரியக்கூடாது. எதிரே ஒரு வட்டத்தில் முள் மட்டும் ஓடும். நொடிக்கு ஒரு அடி. எப்போதாவது ஒரே தாவலில் இரண்டு அடி போகும். அதைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு மணி நேரம் இதேதான். நான் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனை தாவல் தவறியது என்று குறிப்பேன். அரை மணி நேரத்துக்குள் பெரிய பெரிய கில்லாடிகளே கோட்டைவிடுவார்கள்.

இன்னொரு சோதனை சின்னது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள் கலைந்து கலைந்து வரும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், மூன்றுக்கு மட்டும் தட்டக்கூடாது. கேட்கச் சுலபம். இரண்டு நிமிஷத்தில் கை தானாகத் தட்ட ஆரம்பித்துவிடும். மூன்று வரும், அதற்கும் தட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு அதுதான்.

கவனம் எப்போது போனது என்று எங்களால் சொல்ல முடியும். எங்கே போனது என்று எந்த மெஷினும் சொல்லாது. அதனால் எடைமேடையை விட்டுவிடுங்கள்.

உங்கள்,
பட்டாணி


பிப்ரவரி 6

அன்புள்ள பட்டாணிக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒத்தடம் கொடுக்கிறேன், நம்பு. உன் அண்ணனுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. குத்துக்கல் மாதிரி இருக்கிறார். படுத்தால் தூக்கம், உட்கார்ந்தால் சாப்பாடு.

நீ சொன்ன சோதனையை நானே செய்துவிட்டேன். உன் பெயரைத்தான் சொன்னேன், மன்னித்துக்கொள். உங்கள் தங்கைக்கு ஆராய்ச்சிக்கு வேண்டுமாம், வீட்டிலேயே எடுத்து அனுப்பச் சொல்கிறாள் என்றேன். "பட்டாணிக்கா? கொண்டா" என்று தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உன் பெயரைச் சொன்னால் அவர் கிணற்றில்கூடக் குதிப்பார்.

கடையில் பேட்டர்ன் வெட்டும் பழுப்புத் தாளில் இருநூறு எண்கள் எழுதிக்கொண்டேன். சுவர்க் கடிகாரம் ஒரு டிக் அடித்தால் நான் ஒரு எண் சொல்வேன். அவர் கரண்டியால் தட்டில் தட்டுவார். தட்டினால் எண்ணுக்குக் கீழே புள்ளி, தட்டாவிட்டால் ஒன்றுமில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலையும் மாலையுமாக நாலு தடவை செய்தேன். நாலு தாளின் நகலும் இதோடு வைத்திருக்கிறேன்.

மூன்றாவது தாளைப் பார். ஆறாவது வரியில் ஏழுக்குத் தட்டினார். அதற்கப்புறம் இரண்டு, எட்டு, ஐந்து, ஒன்று, ஒன்பது, நாலு, ஆறு, எட்டு, இரண்டு. ஒன்பது எண்ணுக்குச் சத்தமே இல்லை. கரண்டி கையில் இருக்கிறது, இன்னொரு கை பொத்தானில். நான் நிறுத்தவில்லை, கடிகாரத்தோடு சொல்லிக்கொண்டே போனேன். பத்தாவது எண்ணுக்கு மறுபடி தட்ட ஆரம்பித்தார், தாளம் தப்பாமல். முடிந்ததும் எத்தனை விட்டீர்கள் என்று கேட்டேன். ஒன்றுகூட விடவில்லை என்று சாதிக்கிறார். நாலாவது தாளிலும் அப்படித்தான், அங்கே ஏழு எண்.

பொய் சொல்கிறவருக்குக் குரல் கொஞ்சமாவது தடுக்காதா, பட்டாணி? இவருக்குத் தடுக்கவில்லை. அவ்வளவு பழகிவிட்டது. உட்கார்ந்த இடத்தில், பெண்டாட்டி எதிரிலேயே, ஒன்பது எண் நேரம் யாரிடம் போய்விட்டு வருகிறார்? நீ தாளைப் பார்த்துவிட்டு உன் கருத்தை எழுது.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? தாமதத்துக்கு மன்னியுங்கள். இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. முழங்கால் எப்படி இருக்கிறது? கடையில் உங்கள் மேஜைக்கு மேலே புது மின்விசிறி போடுவதாகச் சொன்னார்களே, போட்டார்களா? கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள், கறுப்புத் துணியை விளக்கு வெளிச்சத்தில் தைக்காதீர்கள்.

தாள்கள் கிடைத்தன. வீட்டில் செய்யும் சோதனையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அண்ணி. தெருச் சத்தம் இருக்கும், கரண்டிச் சத்தம் உங்களுக்கே கேட்காமல் போயிருக்கும். தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அந்தத் தாள்களை யாரிடமும் காட்டவும் வேண்டாம்.

உங்கள் தம்பி இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறாரா? எங்கள் கல்லூரி ஸ்டோரில் ஒரு ஆள் தேவைப்படுகிறது. நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. நான் சொன்னால் எடுத்துக்கொள்வார்கள். உடனே வரச் சொல்லுங்கள், இந்த மாதத்துக்குள் வந்தால் நல்லது.

உங்கள்,
பட்டாணி


மார்ச் 24

அன்புள்ள பட்டாணிக்கு,

நாங்கள் நலம். ஐந்து வாரம் கழித்து அரைப் பக்கக் கடிதம். அதில் பாதி என் மின்விசிறியைப் பற்றி. போட்டுவிட்டார்கள், நன்றாகச் சுற்றுகிறது.

என் தம்பி மேல் உனக்கு ஏன் திடீர்க் கரிசனம்? அவனிடம் சொன்னேன். யார்டில் கூட்டாளிகளெல்லாம் இருக்கும்போது எதற்கு ஸ்டோர் என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வேலை வேண்டும் என்று இந்த வீட்டில் யாரும் உன்னிடம் கேட்கவில்லையே.

போன வாரம் அவர் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனதாக நானே ஏற்பாடு செய்து, டப்பாவோடு யார்டுக்குப் போனேன். எடைமேடைப் பெண்ணைப் பார்த்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறாள். அவள் கிரேன் பக்கமே திரும்பவில்லை, லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டவே அவளுக்கு நேரம் போதவில்லை. அதுவும் நடிப்பாக இருக்கலாம் என்று கால் மணி நேரம் நின்று பார்த்தேன்.

அப்போது குழாய்க் கட்டு ஒன்றைத் தூக்கினார்கள். பாதி உயரத்தில் நின்றுவிட்டது. அசையாமல் அப்படியே தொங்குகிறது. கீழே இருந்தவர்கள் யாரும் பதறவில்லை. ஒருவர் பீடி பற்றவைத்தார். "உங்க வீட்டுக்காரர் மேல தியானத்துல இருக்காரு" என்றார் என்னிடம். அங்கே அவருக்குப் பட்டப்பெயரே சாமியாராம். அடிக்கடி இப்படி நிற்குமாம், கொஞ்ச நேரத்தில் தானாகக் கிளம்புமாம். என் தம்பியும் சேர்ந்து சிரித்தான், கட்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டு.

தள்ளி நில்லுடா என்று நான் கத்திவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 2
(அண்ணனுக்கு, யார்டு அலுவலக விலாசத்தில்)

அன்புள்ள அண்ணா,

நலமா? வீட்டுக்கு எழுதினால் அண்ணி பார்ப்பார்கள் என்று இங்கே எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

உனக்கு மறுபடி வருகிறது, இல்லையா?

ஆராய்ச்சிக்கு என்று நீ கரண்டியால் தட்டினாயே, அந்தத் தாள்கள் என்னிடம் இருக்கின்றன. நான் கேட்கவில்லை, அண்ணியே செய்தது. உனக்கு யாரோ ஒரு பெண் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அண்ணி அந்தச் சோதனையை வைத்தார்கள். நீ ஒன்பது எண் போய்விட்டு வந்திருக்கிறாய். சின்ன வயதில் அம்மா என்னை உன் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணச் சொல்வாளே, அப்போதும் ஒன்பது, பத்துதான். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒன்றரை மாதமாக அந்தத் தாளை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

உயரத்தில் ஏறுகிற வேலை கூடாது என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார். நீ உடனே இறங்கு. அண்ணியிடம் நீயே சொல்லிவிடு. நான் சொல்ல வைக்காதே.

பட்டாணி


ஏப்ரல் 11

பட்டாணிக்கு,

நான் நலம். நீ நலமா?

வருகிறதா என்று கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு நடுவில் ஒன்றும் விட்டுப்போவதில்லை. ஒரு எண் சொன்னாள், தட்டினேன். அடுத்து ஒரு எண் சொன்னாள், தட்டினேன். எனக்கு இரண்டும் அடுத்தடுத்துதான். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ ஆகியிருக்கிறது என்று ஊகிக்கிறேன்.

கிரேனில் பயமில்லை. கைப்பிடியை விட்டால் தானாக நின்றுவிடும். பதினைந்து வருஷத்தில் ஒருவர் மேலும் ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் கூண்டில் ஏறினால்தான் நான் ஒரு ஆள் என்று எனக்கே தோன்றும்.

அவளிடம் சொல்லாதே. அம்மா சாகும்போதும் கையைப் பிடித்துக் கேட்டது அது ஒன்றுதான். அதுவுமல்லாமல், அவள் அம்மா உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, பையனுக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டபோது, எங்கள் அண்ணனுக்கு ஜலதோஷம்கூட வராது என்று சொன்னவள் நீ. நானும் இல்லை, அம்மாவும் இல்லை. இப்போது சொன்னால் முதலில் உன்னைத்தான் கேட்பாள்.

அண்ணன்


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நலமறிய ஆவல். முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? உங்கள் தம்பி வேலை விஷயம் என்ன ஆயிற்று? இன்னும் இடம் இருக்கிறது. அவரைக் கொஞ்சம் கட்டாயப்படுத்துங்கள், அண்ணி.

தாள்களை மறுபடி பார்த்தேன். ஒன்பது எண் விட்டுப்போவது சகஜம்தான். இங்கே எத்தனையோ பேருக்கு அப்படி ஆகிறது. மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். யாரையும் சந்தேகப்படாதீர்கள்.

கடையில் வேலை அதிகமா? வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
பட்டாணி


மே 4

பட்டாணிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நேராக எழுதுகிறேன்.

ஒன்பது எண் விட்டுப்போவது சகஜம் என்று எழுதியிருந்தாய். அதையும் சோதித்துவிடுவோம் என்று, அதே தாளை வைத்துக்கொண்டு ஆறு பேரை உட்காரவைத்தேன். கடை முதலாளி, காஜா எடுக்கிற இரண்டு பெண்கள், அடுத்த வீட்டு நர்ஸ், என் தம்பி, அவன் பெண்டாட்டி. எல்லாரும் நீ முதலில் எழுதின தப்பைத்தான் செய்தார்கள். மூன்றுக்குத் தட்டினார்கள், நாக்கைக் கடித்தார்கள், சிரித்தார்கள். முதலாளி தூங்கியே விழப்பார்த்தார். அவர்கூடச் சேர்ந்தாற்போல் இரண்டு எண்ணுக்கு மேல் விடவில்லை. விட்டவர்கள் எல்லாருக்கும் விட்டோம் என்று தெரிந்தது. உன் அண்ணன் ஒருவருக்குத்தான் தெரியவில்லை. பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். தெரியாதவருக்குத்தான் குரல் தடுக்காது என்று எனக்கு இப்போது உறைக்கிறது.

அப்போது பொய் சொல்வது யார்?

உன் கடிதங்களை வெட்டுகிற மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். அளவு எடுக்கிறவளுக்கு ஒரு பக்கம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கண்ணில் உறுத்தும். ஜனவரிக் கடிதத்தில், அண்ணன் எப்படி இருக்கிறான், தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று மூன்று தடவை கேட்டிருக்கிறாய். நான் தாள்களை அனுப்பினதற்கு அப்புறம் இரண்டு கடிதம். என் முழங்காலைக் கேட்டாய். கடை மின்விசிறியைக் கேட்டாய். என் தம்பியைக் கேட்டாய், என் கண்ணைக் கேட்டாய், என் சாப்பாட்டைக் கேட்டாய். உன் கூடப்பிறந்தவன் எப்படி இருக்கிறான் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் தட்டினாய், பட்டாணி. அவருக்கு மட்டும் தட்டவில்லை. தெரியாமல் விடுகிறவள் அங்கே இங்கே விடுவாள். ஒன்றை மட்டும் பார்த்துப் பார்த்து விடுகிறவள், அது வருகிறது என்று தெரிந்துதான் விடுகிறாள்.

அவருக்கு என்ன? என் தம்பியை ஏன் அந்த இடத்திலிருந்து எடுக்கப் பார்க்கிறாய்? இந்தக் கடிதத்துக்கு ஐந்து வாரம் எடுத்துக்கொள்ளாதே.

அண்ணி


மே 10
(விரைவு அஞ்சல்)

அண்ணி,

உங்களிடம் பொய் சொன்னேன். சகஜம் இல்லை.

அண்ணனுக்கு அது பதினொரு வயதில் வந்தது. வலிப்புதான். கீழே விழமாட்டான், கை கால் இழுக்காது. கண் மட்டும் நிலைகுத்தும், விரல் எதையாவது தேய்க்கும், சில நொடி ஆள் இருக்கமாட்டான், திரும்பி வந்ததும் போனது தெரியாது. அப்போது எனக்கு ஆறு வயது. அண்ணன் போனால் எண்ணு, எத்தனை என்று டாக்டரிடம் சொல்லவேண்டும் என்று அம்மா என்னை அவன் பக்கத்தில் உட்காரவைப்பாள். நான் கவனத்தை அளக்க ஆரம்பித்தது எந்தக் கல்லூரியிலும் இல்லை, எங்கள் சமையலறை மேஜையில்தான். மாத்திரையில் குறைந்தது, பதினேழு வயதில் நின்றுவிட்டது. திரும்பி வரலாம், உயரத்திலும் மெஷின் பக்கத்திலும் வேலை வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். வந்தது நின்றுவிட்டதே என்று அம்மா வெளியில் மூச்சுவிடக்கூடாது என்றாள். நாங்கள் மூன்று பேரும் விடவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் அம்மா என்னைத் தனியாகக் கேட்டார்கள். ஜலதோஷம்கூட வராது என்று சொன்னேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சின்னப் பெண், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சாக்குச் சொல்லமுடியாது.

பிப்ரவரியிலேயே தாளைப் பார்த்தேன், பார்த்துவிட்டு டிராயரில் வைத்துப் பூட்டினேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் உங்கள் தம்பியை மட்டும் நகர்த்தப் பார்த்தேன். மற்றவர்களும் அங்கே நிற்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியும் எழுதவில்லை. ஏப்ரலில் அண்ணனுக்கு யார்டு விலாசத்தில் எழுதினேன். கைப்பிடியை விட்டால் கிரேன் நின்றுவிடும், பயமில்லை என்கிறான். இதுவரை கை விட்டிருக்கிறது. உங்கள் தாளைப் பாருங்கள், அந்த ஒன்பது எண்ணிலும் கரண்டி கையை விட்டுப் போகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிக் கைப்பிடியைப் பிடித்தபடியே போனால்?

இது கையில் கிடைத்த அன்றே அவனை இறக்குங்கள். என்னை அப்புறம் திட்டுங்கள்.

பட்டாணி


மே 16

பட்டாணிக்கு,

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு வந்தது. யாரோ ஒருவருடைய கால்சட்டையைப் பாதி மடித்துப் பின் குத்தியிருந்தேன். அதை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். கழுத்தில் டேப் தொங்குகிறது என்பதே யார்டு வாசலில் காவலாளி பார்த்த பார்வையில்தான் தெரிந்தது.

கிரேனுக்குக் கீழே மஞ்சள் வட்டம் போட்டிருக்கிறார்களே, கொக்கி மாட்டுகிறவர் நிற்கிற இடம், என் தம்பி அங்கே நின்றிருந்தான். சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளிவிட்டு நான் நின்றுகொண்டேன். கொக்கி வெறுமையாகத்தான் தொங்கியது. மேஸ்திரி கத்தினார். மேலிருந்து உன் அண்ணன் ஹாரன் அடித்தார், ஒரு தடவை, இரண்டு தடவை. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு உயரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் கூண்டுக் கதவு திறந்தது. ஏணியில் இறங்க ஆரம்பித்தார். அறுபத்திரண்டு படி. ஒவ்வொன்றாக எண்ணினேன், எங்கேயாவது நின்றுவிடுவாரோ என்று. அப்போது வந்த பயம் என் ஆயுசுக்கும் போதும்.

கீழே வந்தவர் என் கழுத்து டேப்பைப் பார்த்தார். "பட்டாணி எழுதிட்டாளா?" என்றார்.

"நீங்க சொல்லலையே" என்றேன்.

"சொன்னா நீ போயிடுவேன்னு நெனச்சேன்."

"போனது நீங்கதான். நான் இங்கேயேதான் இருந்தேன்."

எல்லார் முன்னாலும் மஞ்சள் வட்டத்துக்குள் உட்கார்ந்து அழுதார். சாமியார் என்று கேலி பேசினவர்கள் பீடியைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளி நின்றார்கள். அப்புறம் அவரே எழுந்து மேஸ்திரியிடம் போய்ச் சொன்னார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

டாக்டரைப் பார்த்தோம். தலைக்கு ஏதோ கம்பிகள் ஒட்டிப் படம் எடுத்தார்கள். என் பழுப்புத் தாள்களையும் காட்டினேன். டாக்டரம்மா நாலையும் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார், இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதிக்கொண்டு வருவதில்லை என்றார். மாத்திரை ஆரம்பித்தாயிற்று. கிரேன் இனிக் கிடையாது. ஏணிப் பக்கம் போகும்போது இவர் தலையைக் குனிந்துகொள்கிறார், எனக்குப் பார்க்க முடியவில்லை. இப்போதைக்குக் கீழே ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். எங்கே என்று கேள். எடைமேடை அறையில், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலி. சிரிக்காதே.

இப்போது உன் விஷயம். ஒரு வருஷமாக உன் அண்ணனுக்கு யாரோ இன்னொரு பெண் இருக்கிறாள் என்று தேடினேன். இருந்தாள். எனக்குத் தெரியாத அவருடைய விஷயமெல்லாம் தெரிந்தவள், எனக்குத் தெரியாமல் அவரோடு கடிதம் போட்டுக்கொண்டவள், என் வீட்டு ரகசியத்தை டிராயரில் வைத்துப் பூட்டியவள். அது நீதான், பட்டாணி. ஜலதோஷத்தை நான் மன்னித்துவிடுவேன், அது உன் அம்மாவின் பயம். சகஜம் என்று எழுதினாயே, அதை என்னால் முடியவில்லை. அது நீ படித்த படிப்பை வைத்துச் சொன்ன பொய். அதை நம்பி நான் சும்மா இருந்திருந்தால், என் தம்பி அந்த வட்டத்துக்குள்ளேயே நின்றிருப்பான்.

நேற்று சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தவர் நின்றார். கத்தியை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு எண்ணினேன். எட்டு. திரும்பி வந்ததும், எட்டு என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீ ஆறு வயதில் செய்ததை நான் இப்போது செய்கிறேன். அதனால்தான் இவ்வளவு கோபத்திலும் உனக்கு எழுதுகிறேன்.

இனிமேல் கடைக்கு எழுதாதே, யார்டுக்கும் எழுதாதே. வீட்டு விலாசத்துக்கு எழுது. அவரே பிரித்துச் சத்தமாகப் படிக்கட்டும், நான் தைத்துக்கொண்டே கேட்கிறேன். கடிதத்தின் ஆரம்பத்தில் வழக்கமாக எழுத வேண்டியதை இந்தத் தடவை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். உன் அண்ணன் நலம் என்று நான் எழுதவில்லை. தெரிய வேண்டுமானால் நீ கேட்கவேண்டும்.

அண்ணி


மே 22
(வீட்டு விலாசத்துக்கு)

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

பட்டாணியின் வணக்கம். என்ன எழுதினாலும் அது சாக்காகத்தான் தெரியும். அதனால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, நான் கேட்காமல் விட்டதை மட்டும் கேட்கிறேன்.

அண்ணன் எப்படி இருக்கிறான்?

பட்டாணி